ஒரு மணி குறைவு

மூன்றாம் முறையாக வந்திருக்கிறார்
பத்துப்பேர் சபையின் கணக்கர்.
படகிலிருந்து இறங்கும்போது ஒரு கால் நனைந்துவிட்டது,
அந்தக் கோபம் வேறு.

பெயர்?
பெரினா.
கணவன்?
பொர்த்தோலோ. கண்ணாடி ஊதுகிறவன்.
எங்கே?
உங்களுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

கை நிற்கவில்லை.
மடியில் மரத்தட்டு, தட்டு நிறையப் பாசிமணி.
விசிறியாய் விரித்த நாற்பது ஊசிகளை
உள்ளே விட்டு எடுத்தால்
ஊசிக்கு ஏழெட்டு ஏறி வரும்.
மிச்சத்தை விரல் பார்த்துக்கொள்ளும்.

முரானோவில் ஊதுகுழல் பிடித்த கை
கடல் தாண்டக்கூடாது.
தாண்டினால் வீட்டிலிருப்பவர் சிறைக்குப் போகலாம்.
அதற்கும் திரும்பாவிட்டால்
பின்னாலேயே ஒருவன் போவான்,
அவன் கையில் இருப்பது ஊதுகுழல் அல்ல.

தவக்காலத்துக்கு முந்தின இரவு
ஊரே முகமூடியில் திரிந்தபோது
இவன் சொந்த முகத்தோடு போனான்.
ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.
பிரெஞ்சுக்காரர்கள் வீடு தருகிறார்களாம், வரி இல்லையாம்.
என்னிடம் சொல்லிக்கொண்டா போனான்?
வினிகரில் ஊறிய மத்தி ஒரு சட்டி இருந்தது.
பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை மூடி வைத்திருந்தான்.
அதுதான் கடிதம்.

"சூத்திரத்தை விற்றுவிட்டான்,
குடியரசின் ரகசியத்தை!"
கணக்கர் மேசையைத் தட்டுகிறார். மணிகள் துள்ளுகின்றன.
எனக்குச் சிரிப்பு வந்தது,
நூலைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

போன வாரம் மார்செய்யிலிருந்து
உடைசல் ஏற்றிய கப்பல் வந்தது.
உலைக்குப் போகுமுன் சில்லுகளை நிறம் பிரிப்பது
எங்கள் தெருப் பெண்கள்.
என் கூடையில் விழுந்தது ஒரு கோப்பையின் அடி.
விளிம்பை மடித்து, முடிக்கும் இடத்தில்
அரைச் சுற்று கூடுதலாக இழுத்திருந்தது.
அந்த வீண் அரைச் சுற்றை நான் எங்கும் அறிவேன்.

வெயிலில் பிடித்தேன்.
பச்சை.
காயலில் நாள்பட நின்ற படகின் வயிறு போலப் பச்சை.

மணலில் இரும்பிருந்தால் அப்படித்தான்.
அதைப் போக்க ஒரு கருப்புப் பொடி உண்டு:
குறைந்தால் பச்சை நிற்கும், கூடினால் ஊதா ஏறும்,
சரியாக விழுந்தால்
கோப்பை இருக்கிறதா என்று கை தேடும்.
சிரியாவின் சாம்பல் எத்தனை படி,
தித்சீனோ ஆற்றுக் கூழாங்கல் இடித்தது எத்தனை,
கருப்பு எத்தனை சிட்டிகை,
பதினோரு வருடம், அவன் குறட்டை விடும் நேரத்தில்,
கலந்தது நான்.

அவனுக்கு ஊதத் தெரியும். அதில் குறை சொல்லமாட்டேன்.
பிரான்சுக்குப் போனது ஒரு ஜோடி நுரையீரல்.
சூத்திரம் இங்கே
மீன் சட்டி கழுவிக்கொண்டிருந்தது.

"ஒன்றும் அறியாதவள்" என்று எழுதி
மை உலர ஊதுகிறார் கணக்கர்.
எழுந்தவர் நான் முடித்து வைத்த சரத்தைத் தூக்கி
ஜன்னலில் பார்க்கிறார்.
இது யாருக்கு?
லியோனில் ஒரு பட்டு வணிகரின் மனைவிக்கு.
வெள்ளை பத்து, நீலம் நாலு, கருப்பு இரண்டு,
மறுபடி வெள்ளை பத்து.
"அழகாக இருக்கிறது" என்றார், "ஒழுங்காகவும்."
ஒழுங்குதான் ஐயா.
முத்திரை குத்திப் பெட்டியில் போடச் சொன்னார்.

அவர் படகு திரும்பும்போது
சான் தொனாத்தோவில் மணி அடித்தது.
பழக்கம், அதையும் எண்ணினேன்.

கருப்பு மூன்று வரவேண்டும்.
ஒன்றைக் குறைத்தே கோத்திருக்கிறேன்.
இனி அவன் கண்ணாடி தெளியும்.
அரசர்கள் குடிப்பார்கள், பாராட்டுவார்கள்.
விளிம்பில் மட்டும் நூலளவு பச்சை நிற்கும்,
ஊதியவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவு.

பாதிச் சட்டி மீனுக்கு
இவ்வளவு போதும்.